லேசர் தீர்ந்துபோகுமா? மங்கிய லேசர் பேனையை எப்படிப் பார்ப்பது

"தம்பி, இதுக்குள்ள லேசர் முடிஞ்சுபோச்சு போல கிடக்கு. திரும்ப அடைக்க ஏலுமோ?"

கிளிநொச்சிப் பக்கம் நான் வைத்திருக்கும் சின்னத் திருத்தும் கடைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டது இது. கையில் ஒரு சிவப்பு லேசர் பேனை. ஓய்வு என்று பெயர்தான். பின்னேரம் முழுக்க ரியூசன் வகுப்பு. "லேசர் என்கிறது பேனைக்குள்ள இருக்கிற மை இல்லை, சேர்" என்றேன். சிரித்தார். ஆனால், "அப்ப ஏன் மங்குது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடவில்லை.

நியாயமான கேள்வி. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமையில், திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கிய லேசர்களோடு தாய்மார் வருவார்கள். சிலர் "லேசர் குறைஞ்சுபோச்சு" என்பார்கள். சிலர் "பற்றரி வீக்" என்று தாங்களே தீர்ப்புச் சொல்லி, அதற்குள் மூன்று தரம் பற்றரி மாற்றியும் இருப்பார்கள். இளம் பெடியள் இன்னொரு ரகம். பெரிய பற்றரி போட்டால் சரி என்று நினைத்து, மங்கினதை ஒரேயடியாகச் சாகடித்துக்கொண்டு வருவார்கள். எல்லோருமே லேசரை டோர்ச் லைற் மாதிரித்தான் நினைக்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க லேசரின் வாயைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. மங்கின லேசரென்றாலும் கூடாது. மங்கின பச்சை லேசரென்றால் கட்டாயம் கூடாது. ஏனென்று பின்னால் வரும். மினுக்கம் இல்லாத சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் அடித்துப் பாருங்கள்.

கொஞ்ச வெளிச்சம், ஒரே இடத்தில்

லேசர் பேனையிலிருந்து வரும் ஒளியின் அளவைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். கையில் வைத்துச் சுட்டிக்காட்டும் லேசர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு 5 மில்லிவாற். மில்லிவாற் என்பது ஒரு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாட்டுக்கொட்டிலுக்கு எடுத்துப்போகும் டோர்ச் விடுகிற ஒளிக்குப் பக்கத்தில் இது தூசு. அப்படியிருந்தும் ஏன் கண்ணைக் குத்துகிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப்பின் வாயைப் பெருவிரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீரின் அளவு கூடுவதில்லை. ஆனால் எட்டவுள்ள கத்தரிக்கன்று வரை பாயும். லேசரும் அப்படித்தான். கொஞ்ச ஒளிதான், ஆனால் எல்லாம் ஒரே திசையில், ஒரே புள்ளியில் போய் விழுகிறது.

ஆகவே லேசர் "மங்கியது" என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு விசயங்களைச் சொல்கிறோம். ஒன்று, உள்ளேயிருந்து வரும் ஒளியே குறைந்திருக்கலாம். மற்றது, அதே ஒளி வந்தும் பரந்து விழலாம். 4 மில்லிமீற்றர் அகலப் புள்ளி 8 மில்லிமீற்றராக விரிந்தால் பரப்பு நாலு மடங்கு. ஒவ்வோர் இடத்திலும் விழும் ஒளி கால் பங்காகிவிடும். பற்றரியை எத்தனை தரம் மாற்றினாலும் இந்த இரண்டாவது பிழை போகாது.

அதனால் என் கடையில் முதற்சோதனைக்கு வேண்டியது ஓர் அடிமட்டம்தான். ஐந்து மீற்றர் தள்ளி நின்று சுவரில் அடித்து, புள்ளியின் அகலத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். புள்ளி முன்னைப்போலச் சின்னதாய், கூராக இருந்து மங்கியிருந்தால் குறை மின்சாரப் பக்கத்தில், அல்லது சூட்டில். புள்ளி பரந்து, ஓரம் கலங்கி இருந்தால் குறை முன்னால் உள்ள வில்லையில். கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பது பிழையில்லை. சிவப்பு லேசர்களின் பிறவிக்குணம் அது.

குளம் வான் பாய்கிற கணக்கு

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? பேனையின் முன்பக்கத்தில், கடுகை விடச் சிறிய ஒரு குறைகடத்தித் துண்டு. இதை லேசர் இருவாயி என்கிறோம். இருவாயி என்றால் மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் உறுப்பு. மின்னோட்டம் போகும்போது இது ஒளியும் விடும்.

ஒளி விடுவதோடு நின்றால் அது சாதாரண எல்ஈடி. லேசர் ஆவதற்கு இன்னொரு வேலை நடக்கவேண்டும். ஓர் ஒளித்துணிக்கை கடந்து போகும்போது, சக்தி ஏறி நிற்கும் அணுவைத் தட்டிவிட்டு, தன்னைப்போலவே இன்னொரு துணிக்கையை வெளியே கொண்டுவரும். ஐன்ஸ்டீன் இதைக் கணக்காக எழுதியது 1917ல். அதை வேலைசெய்ய வைத்து முதல் லேசரைத் தியோடர் மைமன் ஒளிரவிட்டது 1960ல். அரிசிக்குள் ஒரு வண்டு இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகுவது போலத்தான் இதுவும். இருவாயித் துண்டின் இரண்டு அந்தங்களும் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்புவதால், ஒளி உள்ளேயே முன்னும் பின்னும் ஓடிப் பெருகும். ஒரு பங்கு வெளியே வரும். நாம் பார்ப்பது அந்தப் பங்கைத்தான்.

ஆனால் பெருகுவது போலவே வீணாவதும் உண்டு. உள்ளே உறிஞ்சப்படும், சிதறும். பெருக்கம் வீணாவதை வெல்லும் வரைக்கும் லேசர் பிறக்காது. இதை விளக்க வன்னியில் இருப்பவனுக்கு வெளியே உதாரணம் தேடத் தேவையில்லை. மாரியில் ஊர்க்குளத்தைப் பாருங்கள். மழை எவ்வளவு பெய்தாலும் குளம் நிறையும் வரை வானால், அதாவது மிஞ்சின தண்ணீர் வெளியேறும் வழியால், ஒரு சொட்டுப் பாயாது. தண்ணீர் வான்மட்டத்தைத் தொட்ட பிறகு வருகிற தண்ணீரெல்லாம் வெளியேதான். கார்த்திகையில் "எப்ப வான் பாயும்?" என்று குளக்கட்டில் நின்று பார்க்கும் எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

லேசர் இருவாயிக்கும் ஒரு வான்மட்டம் உண்டு. அந்த அளவு மின்னோட்டம் வரும்வரை அது சும்மா மங்கலாக மினுங்கும். அதைத் தாண்டினால் மேலதிகமாகப் போகும் மின்னோட்டத்துக்கு ஏற்ப லேசர் ஒளி விறுவிறென்று ஏறும். இந்த எல்லையை வாசல் மின்னோட்டம் என்று சொல்லிக்கொள்வோம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் மலிவான சிவப்பு லேசரை ஒட்டியவை. மூன்று பொத்தான் பற்றரி, ஒன்று 1.5 வோல்ற் படி மொத்தம் 4.5 வோல்ற். இருவாயி 2.2 வோல்ற்றை எடுக்கும். மிச்சம் 2.3 வோல்ற், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய தடையின் தலையில் விழும். அப்போது 35 மில்லிஅம்பியர் ஓடுகிறது, வாசல் 20 என்று வைப்போம். வாசலுக்கு மேலே 15.

பற்றரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்றுக்கு இறங்கட்டும். மொத்தம் 3.6. இருவாயி தன் 2.2ஐ எடுத்தபின் தடைக்கு 1.4 தான். மின்னோட்டம் ஏறத்தாழ 21 ஆகிவிடும். வாசலுக்கு மேலே ஒன்றோ ஒன்றரையோதான் மிச்சம். பற்றரி இறங்கியது ஐந்தில் ஒரு பங்கு. ஒளியோ முந்தியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதுதான் பலர் காணாத இடம். டோர்ச் லைற் நாளுக்கு நாள் மெல்ல மஞ்சளித்து மங்கும். லேசர் அப்படியில்லை. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று பாதியாகும், அடுத்த நாள் செத்ததுபோல் கிடக்கும். செத்துவிடவில்லை; வான்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான். விலை கூடிய சிலதில் ஒளியை அளந்து மின்னோட்டத்தைச் சரிசெய்யும் சிறு மின்சுற்று இருக்கும். அவை கடைசிவரை ஒரே வெளிச்சம் காட்டிவிட்டுத் திடீரென்று நிற்கும். திருவிழாக் கடைச் சாமானில் அதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்கவேண்டியவை இரண்டு. புள்ளி கூராக இருக்கிறதா, பரந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூராக இருந்து மங்கியிருந்தால், மின்னோட்டத்தில் வந்த சின்னக் குறைகூட ஒளியில் பெரிய குறையாகத் தெரியும்.

ஊற்றுக் குறைந்த கிணறு

"பற்றரியை மீற்றர் வைச்சுப் பார்த்தனான், வடிவா 1.4 காட்டுது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். காட்டும்தான். கோடையில் ஊற்றுக் குறைந்த கிணற்றை விடியப் பார்த்தால் தண்ணீர் நல்ல மட்டத்தில் நிற்கும். மோட்டரைப் போட்டுப் பத்து நிமிடம் இறைத்தால் அடிச்சேறு தெரியும். பழைய பற்றரியும் அப்படித்தான். சும்மா வைத்து அளந்தால் வோல்ற் நிற்கும், வேலை கொடுத்தால் விழுந்துவிடும். பற்றரிக்குள்ளேயே வளர்ந்துவிட்ட இந்தத் தடங்கலுக்கு அகத்தடை என்று பெயர்.

ஆகவே பட்டனை அமத்தி, லேசர் எரிந்துகொண்டிருக்கும்போது அளக்கவேண்டும். மீற்றர் இல்லாவிட்டால் இன்னொரு வழி. பட்டனை அமத்திய முதல் ஓரிரு விநாடி பளிச்சென்று இருந்து, பிறகு இறங்கி, ஓய்வு கொடுத்தால் திரும்ப ஒரு விநாடி பளிச்சென்று வந்தால், அது பெரும்பாலும் பற்றரிதான்.

பொத்தான் பற்றரி சின்னக் கிணறு. லேசரைத் தொடர்ந்து போட்டு வைத்திருந்தால் சில மணித்தியாலத்தில் இறைத்து முடித்துவிடலாம். பூனையை ஓட வைத்து விளையாடும் பிள்ளைக்கு அது இரண்டு பின்னேரம். பச்சை லேசர் இன்னும் பெருந்தீனிக்காரன்; சிவப்பைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கருப்புப் பற்றரியைப் போட்டால் அதனால் ஈடுகொடுக்க ஏலாது. அதற்கு அல்கலைன் வேண்டும்.

சார்ஜ் ஏற்றும் பற்றரியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அதில் சாதாரண வகைகள் 1.2 வோல்ற். இரண்டு போட்டால் 3 வர வேண்டிய இடத்தில் 2.4. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். சில லேசர் இதில் மங்கலாகவே எரியும். பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

இதற்கு நேர்மாறான பிழைதான் ஆகக் கெட்டது. பார்வைக்குச் சின்னப் பென்சில் பற்றரி போலவே இருக்கும் லித்தியம் பற்றரிகள் கடைகளில் உண்டு. முழுச் சார்ஜில் ஒன்றே 4.2 வோல்ற். 3 வோல்ற்றுக்குச் செய்த லேசரில் இரண்டைப் போட்டால் 8.4. ஒருதரம் பளீரென்று எரியும். அந்தப் பளீரை ஒரு பெடியன் எனக்கு ஆசையோடு விபரித்தான், "அண்ணை, அங்கால பனை வரைக்கும் அடிச்சது" என்று. அதுதான் அந்த லேசரின் கடைசி வெளிச்சம்.

ஒட்டாத இடங்கள்

பற்றரியிலிருந்து இருவாயி வரை மின்சாரம் நடந்துபோகும் வழியில் ஸ்பிரிங், மூடியின் மரை, உலோக உடம்பு, பட்டன் என்று பல சந்திகள். பல லேசர் பேனைகளில் உடம்பே ஒரு வயர்தான். இது பலருக்குத் தெரியாது. மூடியின் மரையில் புழுதி ஏறினால் அது வயர் அரைகுறையாய் அறுந்ததுக்குச் சமன்.

இந்த ஊரில் இது அடிக்கடி வரும் பிழை. உள்பக்கக் கிரவல் ரோட்டின் செம்மண் புழுதி எல்லா மரைக்குள்ளும் போய் உட்காரும். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வரும் சாமான்களில் உப்புக்காற்று செய்த வேலையைக் கண்ணாலேயே காணலாம். ஸ்பிரிங்கில் பச்சையாய்க் களிம்பு பிடித்திருக்கும். பற்றரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டிருந்தால் அது கசிந்து, வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கும்.

சோதனை சுலபம். லேசரை எரியவிட்டு மூடியை விரலால் இறுக்கி அமத்துங்கள், மெல்லத் திருகுங்கள், பட்டனைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வெளிச்சம் துடித்தால் பிழை ஏதோ ஒரு சந்தியில் இருக்கிறது.

அல்கலைன் பற்றரி கசிந்த வெள்ளைப் பொருக்கு காரத்தன்மையுள்ளது. அதனால் தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் லேசாய் நுரைத்துக் கரையும். பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். புளியை அப்படியே விட்டுவிட்டால் அதுவே அடுத்த கறளைத் தொடக்கிவிடும். களிம்புக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பர் போதும். உலோகம் மினுங்கும்வரை தேயுங்கள். மண் கடதாசி போட்டு உரஞ்சுவதை நான் விரும்புவதில்லை. மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மாரிக்குள் முந்தியதை விட மோசமாகும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இரண்டு மில்லிமீற்றர் இழுத்துவிடுங்கள்.

பட்டன்தான் பிரச்சினை என்றால், இரண்டு ரூபாய்க்குச் செய்ததுபோன்ற அந்தச் சின்னப் பட்டனைப் பற்றவைத்து மாற்றவேண்டும். ஈயப்பற்று வேலை தெரிந்த யாரிடமும் கொடுக்கலாம்.

வாயில் படிந்த புழுதி

புள்ளி பரந்திருந்தால் வில்லையைப் பாருங்கள். லேசரின் வாயில் உள்ள இந்தச் சின்ன வில்லைதான் இருவாயியிலிருந்து விரிந்து வரும் ஒளியை ஒரே கோட்டில் சேர்த்து அனுப்புகிறது. விரல் எண்ணெய், வெண்கட்டித் தூள், சட்டைப்பை நூல், மாரிகாலத்துப் பூஞ்சணம் எல்லாம் அங்கே வந்து சேரும். சட்டைத் தலைப்பால் ஒரு துடை துடைப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். மலிவான லேசரில் வில்லை பிளாஸ்ரிக். புழுதி மணலோடு சேர்த்துத் துடைத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் புள்ளியைச் சுற்றி எப்போதும் ஒரு புகைமூட்டம்.

முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். மணலைக் காற்றடித்து எடுங்கள்; சைக்கிள் பம் போதும். பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சுற்று. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம். அதிலுள்ள அசற்றோன் பிளாஸ்ரிக்கைப் பால்போல் வெளிற வைத்துவிடும்.

துடைத்தும் புள்ளி பரந்தே இருந்தால், வில்லை மரையில் திரும்பியிருக்கலாம். கீழே விழுந்த லேசர்களில் இது வழக்கம். சுவரைப் பார்த்துக்கொண்டு வில்லையைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினால் ஓரிடத்தில் புள்ளி சட்டென்று கூராகும். ஆசிரியரின் பேனைக்கு நடந்ததும் இதுதான். கால் சுற்று. பற்றரியில் பிழையே இல்லை.

வெளிச்சம் கூடியதா இல்லையா என்பதைக் கண்ணை நம்பிச் சொல்ல வேண்டாம். ஒளி பாதியானாலும் கண் "கொஞ்சம் குறைவு" என்றுதான் சொல்லும். என் மேசையில் உடைந்த தோட்டத்து சோலர் விளக்கு ஒன்றின் சின்னத் தகடு கிடக்கிறது. அதை மல்ரிமீற்றரின் மில்லிஅம்பியர் பக்கத்தில் பூட்டி, அறையை இருட்டாக்கி, தகட்டின் ஒரே இடத்தில் லேசரை அடிப்பேன். வரும் எண் ஒளியின் அளவோடு ஏறி இறங்கும். துடைக்க முன் ஓர் எண், துடைத்த பின் ஓர் எண். வாடிக்கையாளருக்கும் சந்தேகம் தீரும்.

வெயில் செய்யும் வேலை

வைகாசி, ஆனி மாதத்து மத்தியானத்தில் மோட்டார்சைக்கிள் சீற்றுக்கடியில் கிடந்த லேசரைக் கையில் எடுத்தால் சுடும். அதை அப்படியே போட்டால் மங்கலாய்த்தான் எரியும். காரணம், இருவாயி சூடேற அதன் வாசல் மின்னோட்டமும் ஏறும். குளத்து வானை ஒரு முழம் உயர்த்திக் கட்டியது மாதிரி. வருகிற தண்ணீர் அதேதான், வெளியே பாய்வது குறைந்துவிடும். நிழலில் வைத்து ஆறவிட்டால் பழைய நிலைக்கு வரும். ஆறவிடாமல் சூட்டோடு தொடர்ந்து எரித்தால் இருவாயிக்குக் கூடாது. ஒரு தரம் அமத்தினால் அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

பச்சை லேசரின் கதை வேறு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒளியின் நிறத்தைச் சொல்ல அதன் அலைநீளத்தைச் சொல்வார்கள். அலகு நனோமீற்றர், மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. சிவப்பு லேசரில் இருவாயியே 650 நனோமீற்றர் சிவப்பைத் தருகிறது. ஆனால் 532 என்று எழுதப்பட்ட பச்சை லேசருக்குள் பச்சை விடும் இருவாயி கிடையாது. 808 நனோமீற்றர் செந்நிறக்கீழ்க் கதிரை விடும் இருவாயிதான் இருக்கிறது. செந்நிறக்கீழ்க் கதிர் என்றால் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது ஒரு பளிங்கைத் தாக்க, பளிங்கு 1064 நனோமீற்றர் ஒளியை விடும். அதுவும் தெரியாத ஒளிதான். இரண்டாவது பளிங்கொன்று அந்த அலைநீளத்தைச் சரிபாதியாக்க, 532 பச்சை வரும். நெல்லு அரிசியாகி, அரிசி மாவாகி, மா பிட்டாவது மாதிரி மூன்று படி. ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு.

முதற்படியில்தான் வெப்பநிலை விளையாடும். இருவாயி சூடேறினால் அதன் அலைநீளம் பாகைக்கு ஏறத்தாழ 0.3 நனோமீற்றர் நகரும். பளிங்கோ 808ஐ ஒட்டியதைத்தான் விரும்பி உறிஞ்சும். ஆகவே பச்சை லேசர் மார்கழி விடியலில் மங்கல், கொஞ்சம் எரிய நல்ல வெளிச்சம், இன்னும் எரிய திரும்ப மங்கல் என்று ஏறி இறங்கினால் பழுதென்று நினைக்க வேண்டாம். உள்ளங்கைக்குள் ஒரு நிமிடம் பொத்தி வைத்துப் பாருங்கள். நேரடியாகவே பச்சை விடும் 520 நனோமீற்றர் இருவாயிகளும் இப்போது வருகின்றன; அவற்றுக்கு இந்தச் சிணுங்கல் இல்லை.

முன்னால் சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன். பளிங்குகள் இடம் நகர்ந்து பச்சை மங்கினாலும் உள்ளே செந்நிறக்கீழ்க் கதிர் குறையாமல் இருக்கலாம். அதை மறிக்க வாயருகே ஒரு வடி இருக்கவேண்டும். மலிவான சிலதில் அதைப் போடுவதே இல்லை. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2010ல் சோதித்த பச்சை லேசர் ஒன்று 10 மில்லிவாற் என்று விற்கப்பட்டது. பச்சை மங்கலாகத்தான் வந்தது. ஆனால் கூடவே ஏறத்தாழ 20 மில்லிவாற் செந்நிறக்கீழ்க் கதிரும் வந்தது. கண்ணுக்குத் தெரியாததால் இமையும் மூடாது. அதனால் பச்சை லேசரின் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கவே வேண்டாம். பற்றரி, மூடி, வெளிவில்லை, அதோடு நிறுத்துங்கள். நானும் அதோடுதான் நிற்கிறேன்.

சுருக்கமாக, சூட்டில் மங்கினால் ஆறவிட்டுப் பாருங்கள், குளிரில் மங்கினால் சூடேற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் திரும்பி வராத பச்சையை ஒதுக்கி வையுங்கள்.

உண்மையாகவே செத்தால்

பற்றரி புதிது, சந்திகள் சுத்தம், வில்லை துடைத்தாயிற்று, நிழலில் ஆறவும் விட்டாயிற்று. இன்னும் சுவரில் கூரான புள்ளி இல்லை, வாயில் மட்டும் மங்கலான சிவப்பு மினுக்கம் என்றால் இருவாயி போய்விட்டது. அளவுக்கு மிஞ்சிய ஒளி இருவாயியின் அந்தத்தில் உள்ள கண்ணாடியையே எரித்துவிடும். அதன் பிறகு பெருக்கம் நடக்காது, வெறும் எல்ஈடியாக மினுங்கும். வான் உடைந்த குளம் அது, எவ்வளவு மழை பெய்தும் மட்டம் ஏறாது. இருவாயியை மட்டும் மாற்றலாம், ஆனால் புதிய பேனையின் விலையை விடக் கூலி கூட வரும். கழித்த பொத்தான் பற்றரிகளை மட்டும் முற்றத்தில் எறியாதீர்கள். சின்னப்பிள்ளை விழுங்கினால் உடனே ஆசுப்பத்திரிக்கு ஓடவேண்டிய சாமான்.

லேசரில் பிழையில்லாத பிழை

கால் சுற்றோடு பேனையைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "தம்பி, உன்ர கடைச் சுவரில நல்லா அடிக்குது. வகுப்பில காணேல்ல."

சோலர் தகட்டில் வைத்துப் பார்த்தேன். அதே எண். பேனை சரியாக இருந்தது.

இந்த இடத்தில் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதக் கண் பகலில் ஆகக் கூடுதலாக உணர்வது 555 நனோமீற்றர் பச்சையை. அதே மில்லிவாற்றில் 650 சிவப்பை விட 532 பச்சை ஏறத்தாழ எட்டு மடங்கு வெளிச்சமாய்த் தெரியும். சிவப்பிலேயே 635 என்று எழுதியது 650ஐ விட இரண்டு மடங்கு. பக்கத்து வகுப்பு ரீச்சரின் பச்சையைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய சிவப்பு மங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இவருக்கும் அதுவோ என்று யோசித்தேன்.

"வகுப்பில ஏதும் மாத்தினீங்களா, சேர்?"

"ஒண்டும் இல்லை. முந்தி புரொஜெக்டர், வெள்ளைத் துணி. இப்ப வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவன் ஒருத்தன் பெரிய ரீவி ஒண்டு வாங்கித் தந்தவன்."

அதுதான். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும், எந்த வாங்கிலிருந்து பார்த்தாலும் புள்ளி தெரியும். ரீவித் திரை தானே ஒளி விடுவதற்காகச் செய்தது. வெளியிலிருந்து விழும் ஒளியை முடிந்தளவு விழுங்கும், மிச்சத்தைக் கண்ணாடிபோல ஒரே பக்கம் திருப்பிவிடும். அந்த வழியில் இல்லாத பிள்ளைகளுக்குப் புள்ளி தெரியாது. திருப்பிவிட்ட கதிர் முன்வாங்குப் பிள்ளையின் கண்ணில் படவும் இடமுண்டு. இன்னும் பலமான லேசர் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"அப்ப என்ன செய்யிறது?"

"உங்கட வளவு வேலியில பூவரசு நிக்குதுதானே, சேர். ஒரு நல்ல தடியா முறிச்சு, நுனியில வெள்ளைத் துணி சுத்துங்கோ."